செம்பில் எழுந்தருளியவர்கள்
சோழமண்டலத் தொடர் – 14

சென்ற இதழில் தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றிவந்தோம். கல் எங்கிருந்து வந்தது, யார் அடுக்கினார்கள் என்று பேசினோம். இந்த முறையும் அதே சுவரடியில்தான் நிற்கப்போகிறோம். கல்லை மட்டும் விட்டுவிட்டு, கல்லில் எழுதியிருப்பதைப் படிப்போம்.

படிக்க ஆரம்பித்தவுடன் ஒரு விஷயம் உறுத்தும். பக்கம் பக்கமாக அளவுகள். ராஜராஜன் ஒரு திருமேனியை எழுந்தருளுவித்தான் என்று சொல்லி அதோடு விடுவதில்லை. கோயிலிலேயே வைத்திருந்த முழக்கோலால் அளந்து, ‘பாதாதி கேசாந்தம்’, அதாவது பாதம் தொடங்கி முடிவரை, இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை என்று எழுதுகிறார்கள். 24 விரல் ஒரு முழம். ஒரு விரலை எட்டாகப் பிரித்தால் ஒரு தோரை, ஏறக்குறைய ஒரு நெல்மணி அகலம். ஒரு நெல்மணி கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு கைகள் எத்தனை, தாமரை எவ்வளவு உயரம், பீடத்தின் நீள அகலம், பிரபையின் சுற்றளவு. ஆடவல்லான் என்னும் நடராசர் திருமேனி என்றால் சடையில் இருக்கும் கங்கா பட்டாரகியையும் காலடியில் கிடக்கும் முசலகனையும் விடுவதில்லை. உள்ளே வெற்றிடம் இல்லாமல் வார்த்தது ‘கனம்’. வெற்றிடம் விட்டு வார்த்தது ‘பொள்ளல்’. அதையும் பிரித்து எழுதினார்கள்.

நாம் இன்று வாய்கூசாமல் ‘ஐம்பொன் சிலை’ என்கிறோம். கல்வெட்டுக்காரனின் வாயில் அந்தப் பேச்சு வராது. அவனுக்கு அது செப்புத் திருமேனி. ‘செய்தான்’ என்றுகூட எளிதில் சொல்லமாட்டான், ‘எழுந்தருளுவித்தான்’ என்பான். பொருளை அளப்பதுபோல் அளந்துவிட்டு, ஆளைச் சொல்வதுபோல் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதுதான் இந்த இதழின் கதை.

முதலில் தேவை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கருவறையில் இருப்பவர் மூலவர், கல், அசைய முடியாதவர். ஆனால் தேவாரக் காலத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கோயில் வழிபாடு நான்கு சுவருக்குள் அடங்கவில்லை. திருவிழா பெருகியது. இறைவன் தெருவுக்கு வரவேண்டும், ஆற்றில் நீராட வேண்டும், வேட்டைக்குப் போக வேண்டும், கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஓர் உடம்பு வேண்டும். பல்லவர் காலத்தில் இத்தகைய உலோகத் திருமேனிகள் சிறியவையாகவே இருந்தன. சோழர் காலத்தில், அதிலும் கண்டராதித்தனின் மனைவியும் உத்தமசோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகளை ஒவ்வொன்றாகக் கற்றளிகளாக மாற்றிய 10ஆம் நூற்றாண்டில், அவை வளர்ந்தன. கோனேரிராசபுரம், தென்குரங்காடுதுறை, விருத்தாசலம் என்று அந்த அம்மையார் கைவைத்த கோயில்களின் பட்டியல் நீளும். கல்லில் கோயில் கட்டியவர் செம்பிலும் திருமேனிகளை நிறைத்தார். நடராசர் வடிவம் சோழநாடு எங்கும் பரவியதில் அவர் பங்கு பெரிது.

இந்தத் திருமேனிகளின் பீடத்தைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் வளையங்களோ துளைகளோ இருக்கும். கழிகளைச் செருகித் தோளில் ஏற்ற, கயிறு கட்ட. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் நின்றாலும் இவர்கள் நிற்பதற்காகப் பிறந்தவர்கள் இல்லை என்று அந்தத் துளைகள் சொல்லும். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவர்களும் தெருவில் வரும்போது எட்ட நின்றாவது இவர்களைக் கண்டிருக்கலாம். உடனே ‘கடவுள் எல்லோரிடமும் வந்தார்’ என்று உருகவும் வேண்டாம். பெரிய கோயில் கல்வெட்டுகளே தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று நிலத்தைத் தனியே பிரித்துச் சொல்கின்றன. உலா எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவில் திரும்பாது என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு.

இனி கொடுத்தவர்கள். பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் தேவிமாரும் அதிகாரிகளும் கொடுத்த திருமேனிகள் 66 என்று கல்வெட்டுகளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். குந்தவை இறைவனுக்குத் துணையாக உமா பரமேசுவரி திருமேனிகளைக் கொடுத்தார். அதோடு இன்னும் இரண்டு. ஒன்று ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’, அதாவது இறந்துபோன தந்தை சுந்தரசோழர். மற்றொன்று தாய். செத்துப்போன அப்பா அம்மாவைச் செம்பில் வார்த்துக் கோயிலில் வைத்த மகளை இந்தக் கல்வெட்டில் பார்க்கிறோம். தம்பி பேரரசன், ஆனாலும் பெற்றவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அக்காள்தான்.

கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்தவர் ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், பொய்கைநாட்டுக்காரர். இவர் நம்பி ஆரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர் ஆகியோரை எழுந்தருளுவித்தார். கூடவே ‘பெரிய பெருமாள்’ என்று ராஜராஜனையும் பட்டத்தரசி உலகமாதேவியாரையும் வார்த்து வைத்தார். அரசன் உயிரோடு இருக்கும்போதே! கோயில் நிர்வாகி, எசமானின் உருவத்தை நாயன்மார்களோடு சேர்த்து நிறுத்துகிறார். பக்தியா, பணிவா, பதவி உயர்வு ஆசையா என்று 1,000 ஆண்டு கழித்து நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. மூன்றும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

திருமேனி வந்துவிட்டால் செலவு வந்துவிடும். விளக்கு எண்ணெய், அமுது, பூ, சந்தனம், கற்பூரம், நகை. பெரிய கோயிலில் இதற்குச் செய்த ஏற்பாடு வெகு நேர்த்தி. கொடையாளி ஒரு தொகையைத் திருமேனியின் பேரில் வைப்பார். அந்தக் காசை ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்றுக்கொள்ளும்; காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. கணக்குப் போட்டால் நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. பணமாகவோ நெல்லாகவோ அந்த வட்டி வந்துகொண்டே இருக்கும்; முதல் அப்படியே நிற்கும். ‘சந்திராதித்தவற்’, சூரியனும் சந்திரனும் உள்ளவரை. ஆக, தஞ்சைக் கோயிலில் நின்ற செப்புத் திருமேனிகள் பலவற்றுக்கும் எங்கோ ஒரு கிராமத்தில் கடன்காரர்கள் இருந்தார்கள். அந்த ஊர் உழவன் மடை திறந்தது தன் வயலுக்கு மட்டும் அல்ல, தஞ்சையில் ஒரு தேவியின் இரவு அமுதுக்கும்தான்.

நகைப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். முத்து என்று ஒரே சொல்லில் முடிக்கமாட்டார்கள். வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர். எடையை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குன்றிமணி அளவுவரை பதிவார்கள். உள்ளே வைத்த அரக்கும் எடையில் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடுவார்கள். பின்னால் எவனும் ‘நான் எடுக்கவில்லை, அரக்கு உருகிவிட்டது’ என்று சொல்லக்கூடாது அல்லவா!

சரி, இந்த உடம்பு எப்படி உண்டானது? கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையில் இன்றும் இதே தொழில் நடக்கிறது. பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது குங்கிலிய வாசனை. தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் கலந்து உருக்கி, துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் விடுகிறார்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் மாவுபோல் வளையும். ஆறினால் நகம் பதியாது. உருவாக்க வேண்டிய திருமேனியின் உயரத்துக்குத் தென்னோலை ஒன்றை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, தொடை என்று தால அளவு பிரித்துக்கொள்கிறார்கள். முகத்தின் நீளம்தான் அடிப்படை அளவு. அந்த ஓலைதான் ஸ்தபதியின் அளவுகோல். கடையில் வாங்கிய ஸ்கேல் மேசையில் கிடந்தாலும் கை ஓலைக்குத்தான் போகும்.

மெழுகில் கை தனி, கால் தனி, உடல் தனி. சூடேற்றிய இரும்பால் ஒட்டுவார்கள். விரல் மடிப்பு, பூணூல், இடுப்பு மடிப்பு, காதணி எல்லாம் மெழுகிலேயே. சோழர் காலத் திருமேனிகளில் உளி வேலை குறைவு, நுணுக்கம் முழுவதும் மெழுகில் முடிந்துவிட்டது என்பது நுணுகிப் பார்த்தவர்களின் கணிப்பு. இன்று வார்த்தபின் உளியால் செதுக்குவது அதிகம். பழைய திருமேனியின் கன்னத்துக்கும் புதியதன் கன்னத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். மெழுகு வழுக்கும், உளி வெட்டும்.

பிறகு மண் கட்டுதல். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல். கரித்த உமியோடு சேர்த்து வெண்ணெய்போல் அரைத்து, மெழுகின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போகும்படி பூசுவார்கள். இந்த மண் விரல்ரேகையைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவாமிமலைக்காரர்கள் தங்கள் ஊரைவிட்டு நகராமல் இருப்பதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம். நிழலில் காய்ந்ததும் வயல் களிமண்ணும் மணலும் சேர்ந்த பூச்சு, அதற்குமேல் இன்னும் தடித்த பூச்சு, சுற்றி இரும்புக் கம்பி. மெழுகு வெளியேறவும் உலோகம் உள்ளே போகவும் காற்று தப்பவும் வழி விட்டிருப்பார்கள். இந்த மண் அச்சுக்குத் தமிழில் ‘கரு’ என்றே ஒரு பெயர் உண்டு.

அடுத்து நெருப்பு. வறட்டி அடுக்கி மண்ணைச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடும். உள்ளே மிச்சம் இருப்பது வெறும் இடம். கை இருந்த இடம், முகம் இருந்த இடம். நாள்கணக்காகச் செய்த உருவம் இப்போது எங்கும் இல்லை. ஒரு மண்கட்டிக்குள் இருட்டாக இருக்கிறது. அதைக் குழியில் வாய் மேலாக நிறுத்தி, சுற்றிலும் மண்ணை இறுக்கி, மூசையில் உருகிய உலோகத்தை ஊற்றவேண்டும். நூல் பிடித்ததுபோல் மெல்லிசாக, நிற்காமல். நடுவில் அறுந்தால் திருமேனியில் வெட்டு விழுந்துவிடும். ஊற்றும்போது யாரும் பேசுவதில்லை. காற்று வாயில் உலோகம் எட்டிப்பார்த்ததும் ஒருவர் கையைத் தூக்குவார். அவ்வளவுதான்.

எவ்வளவு உலோகம் உருக்குவது என்று எப்படித் தெரியும்? மெழுகை நிறுத்தால் தெரிந்துவிடும். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல் கணக்கே கொடுக்கிறது: செம்பும் பித்தளையும் மெழுகைப்போல் எட்டு மடங்கு, வெள்ளி பன்னிரண்டு மடங்கு, தங்கம் பதினாறு மடங்கு. பத்துக் கிலோ மெழுகு உருவம் என்றால் எண்பது கிலோ செம்பு. அந்தக் காலத்தில் இது சாதாரணச் செலவா? தமிழ்நாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் கனமாக வார்த்தவை. உள்ளே களிமண்ணை வைத்துப் பொள்ளலாக வார்க்கும் வித்தையும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பெரும்பாலும் செய்யவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத கடவுளைத் தோளில் தூக்க மனம் வரவில்லை போலும்.

வார்த்தது ஆறியபிறகு மண்ணை உடைக்கவேண்டும். உடைத்தால்தான் வெளியே வரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதே உருவத்தை இரண்டாம் முறை வார்க்க முடியாது. சரியாக வரவில்லை என்றால் உருக்கிவிட்டு, திரும்பவும் மெழுகிலிருந்து தொடங்கவேண்டும். சரியாக வந்தால் அரத்தால் ராவி, மெருகேற்றி, கடைசியில் தங்க ஊசியால் கண் திறப்பார்கள். அதுவரை அது உலோகம். அதன்பிறகு ‘அது’ என்று யாரும் சொல்வதில்லை.

ஐம்பொன் என்ற பேச்சை இங்கே முடித்துவிடலாம். செம்பு, வெள்ளீயம், காரீயம், வெள்ளி, தங்கம் என்றோ, வெள்ளீயத்துக்குப் பதில் துத்தநாகம் என்றோ அடுக்குவார்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது சோழத் திருமேனிகளில் கிடைத்தது மிகப் பெரும்பங்கு செம்பு. ஓரளவு வெள்ளீயமும் காரீயமும். தங்கமும் வெள்ளியும் இருந்தால் தூசி அளவு. கொடையாளிகள் உலைக்குள் ஒரு மோதிரத்தையோ குண்டுமணித் தங்கத்தையோ போட்டிருப்பார்கள், இன்றும் போடுகிறார்கள். தங்கத்துக்காகத் திருமேனியை உருக்கியவர்கள் ஏமாந்துதான் போயிருப்பார்கள்.

செம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. காவிரிப் படுகையில் வண்டல் உண்டு, நெல் உண்டு, செம்பு கிடையாது. கலை வரலாற்றாய்வாளர் வித்யா தெஹேஜியா, இலங்கையின் கிழக்கே சேருவில பகுதியிலுள்ள செப்புப் படிவுகளைச் சுட்டிக்காட்டுகிறார். சோழர்கள் வட இலங்கையைப் பிடித்து வைத்திருந்த காலமும் திருமேனிகள் பெருகிய காலமும் ஒத்துப்போவது அவர் வாதத்துக்கு வலு. ஏடனிலிருந்து மேற்குக் கரைக்குச் செம்பு கப்பலேறி வந்ததை 12ஆம் நூற்றாண்டு யூத வணிகர்களின் கடிதங்கள் காட்டுகின்றன. எந்த வழியாக வந்தாலும் கடல் கடந்து வந்ததுதான் பெரும்பாலும். நெல்லை விளைவித்து, அதைக் காசாக்கி, காசைச் செம்பாக்கி, செம்பைச் சாமியாக்கிய நாடு இது. பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த நடராசரும் நாயன்மார்களும் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 புத்தர் திருமேனிகளும் இதே கைகளின் வழிவந்தவைதான். ஸ்ரீவிஜய அரசன் எடுத்த சூளாமணி விகாரத்து ஊர் அது. வார்ப்பவனுக்கு மதம் ஒரு தடையாக இருக்கவில்லை.

அந்த வார்ப்பவன் யார்? பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் என்று கல்வெட்டிலேயே பெயர் இருக்கிறது. கோயிலில் ஆடவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் இருக்கிறது. ஆடவல்லானை வார்த்தவன் பெயர் இல்லை. திருமேனியின் சடையை எண்ணியவர்கள், அந்தச் சடையை மெழுகில் பின்னிய கையைக் குறிக்கவில்லை. கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்கும். செய்தவன் பெயர் அச்சோடு உடைந்துவிடும். இதை நம் மரபின் அடக்கம் என்று பெருமையாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருந்தச்சனுக்கு வராத அடக்கம் கன்னானுக்கு மட்டும் ஏன் வரவேண்டும்?

பெயர் தெரியாத அந்தக் கையைப் பார்க்கவேண்டும் என்றால் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், 1011இல், கோலக்கவன் என்பவர் எழுந்தருளுவித்தது. அடுத்த ஆண்டே தேவியும் வந்துவிட்டாள். ரிஷபவாகனரின் உயரம் மூன்றரை அடி. நான்கு கையில்லை, ஆயுதமில்லை. மாடு மேய்த்துவிட்டு வந்த இளைஞன் களைப்பாற நிற்பதுபோல் கால்மேல் கால் மாற்றி நிற்கிறார். சடையைத் தலைப்பாகைபோல் சுற்றியிருக்கிறார். அந்தச் சுற்றுக்குள் பாம்பு நெளிகிறது. ஒரு கை இடுப்புப் பக்கம் சாய்ந்திருக்க, மற்றொரு கை காளையின்மேல் ஊன்றியிருக்கிறது. காளை இல்லை. எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காற்றில் ஊன்றிய அந்தக் கையில் பாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் தொங்க. பின்பக்கம் போய்ப் பாருங்கள், பலர் போவதில்லை. முதுகின் நடுக்கோடு ஒரு நூல் அளவு வளைந்து இடுப்பில் இறங்குகிறது. இத்தனையும் பட்டுக்கும் மாலைக்கும் நகைக்கும் அடியில் மறையப்போகிறது என்று தெரிந்தே செய்திருக்கிறான். ஊரார் பார்த்தது முகத்தை மட்டும்தான். முதுகைப் பார்த்தவர்கள் திருமஞ்சனம் செய்த குருக்களும் வார்த்தவனும்.

இவர் இங்கே வந்தது மண்ணுக்குள்ளிருந்து. 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் தோண்டியபோது கிடைத்தார். ஏன் மண்ணுக்குள் போனார்?

1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக்காபூர் படை தெற்கே வந்தது. 1323இல் மறுபடியும் டில்லியிலிருந்து உலூக்கான் படை. திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் கிளம்பினார். வயதான காலத்தில், காட்டு வழியாக. மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. பெருமாள் பயணம் நிற்கவில்லை. மலைநாடு, கன்னடநாடு, திருமலை என்று சுற்றி, விசயநகரப் படைத்தலைவன் கோபண்ணன் காலத்தில் 1371இல் திரும்பி வந்தார். 48 ஆண்டு. போனபோது இளைஞனாக இருந்தவன் திரும்பியபோது கிழவன். அடையாளம் சொல்ல ஆளில்லாமல், திருமஞ்சன ஈரவாடைத் துணியின் மணத்தை வைத்து ஒரு முதிய வண்ணார் ‘இவரே நம் பெருமாள்’ என்றதால்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். ஓர் உலோக உருவத்தை மோப்பத்தால் அடையாளம் கண்டதாகச் சொல்லும் சமூகம் அதை உலோகமாக நினைத்திருக்காது.

தூக்கிக்கொண்டு ஓட முடியாதவர்கள் புதைத்தார்கள். அவசரத்தில் குழிவெட்டிப் போட்டதாக நினைக்கவேண்டாம். ஆபத்துக் காலத்தில் திருமேனியை எப்படி மண்ணுக்குள் வைப்பது என்று ‘விமானார்ச்சனகல்பம்’ போன்ற ஆகம நூல்கள் முறை வகுத்திருக்கின்றன. மணல் பரப்பி, படுக்கவைத்து, நிலமகளிடம் ஒப்படைத்து மூடவேண்டும். ஆபத்து தீர்ந்ததும் எடுக்கவேண்டும். பல ஊர்களில், எங்கே புதைத்தோம் என்று தெரிந்தவர்கள் திரும்பி வரவில்லை. இன்றும் அஸ்திவாரம் தோண்டினால், ஏர் ஓட்டினால், கிடைக்கிறார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்கு யாகசாலை போட மண் எடுத்தபோது 20க்கு மேற்பட்ட திருமேனிகளும் தேவாரம் எழுதிய 400க்கும் அதிகமான செப்பேடுகளும் வெளிவந்தன.

மண் காப்பாற்றியதை மனிதர்கள் விற்றார்கள். கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் கிடைத்த நடராசர் பழுதுபார்க்கப் போனார். திரும்பி வந்தது நகல். அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்துக்குப் போய், 1986இல்தான் ஊர் திரும்பியது. 1976இல் திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் குடிசை ஓரம் தோண்டிய ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த நடராசர் லண்டனுக்குப் போனார். அங்கே நடந்த வழக்கில் உரிமை கோரியவர்கள் பட்டியலில் பத்தூர்க் கோயிலும் அதன் சிவலிங்கமும் இருந்தன. ஆங்கிலேய நீதிமன்றத்தில் ஒரு லிங்கம் வழக்காட முடியுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. கோயில் தன் பிரதிநிதி மூலம் வழக்காடலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. நடராசர் அதே ஆண்டு திரும்பினார். வழக்கறிஞர்கள் இதைப் பெரிய விசித்திரமாகப் பேசினார்கள். தம் பேரில் காசை வட்டிக்குக் கொடுத்து வாங்கிய தஞ்சைத் திருமேனிகளைக் கண்டவர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரிந்திருக்காது.

ராஜராஜன் கோயிலுக்கு வருவோம். 66 திருமேனிகளில் காலங்காலமாகக் கோயிலை விட்டுப் போகாமல் இருப்பவை ஆடவல்லானும் அவர் தேவியும் மட்டுமே. 2018இல் அகமதாபாத்திலிருந்து ராஜராஜன், உலகமாதேவி என்று இரண்டு திருமேனிகள் திரும்பி வந்தன. கல்வெட்டு சொல்லும் அதே திருமேனிகள்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மற்ற திருமேனிகளின் உயரம் நமக்கு நெல்மணி அளவுக்குத் தெரியும். ஆள்தான் இல்லை.

களவுபோனவை திரும்பி வருவதற்கு உதவியது பெரும்பாலும் படம்தான். 1950களிலிருந்து புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இல்லாவிட்டால் பல வழக்குகள் நின்றிருக்காது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் பல கோடி கொடுத்து வாங்கி, 2014இல் திருப்பித் தந்த அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை அடையாளம் காட்டியதும் அந்தத் தொகுப்பின் படம்தான். ஆனால் அவர்கள் போகாத ஊர்கள் எத்தனையோ உண்டு. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் தாத்தா பல்லக்குத் தூக்கும் படமோ, ஐப்பசி அன்னாபிஷேகத்தில் எடுத்ததோ, தெருவில் உற்சவர் நிற்கும்போது குழந்தையைத் தூக்கிப்பிடித்து எடுத்ததோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்புறம் திருப்பி, பென்சிலால் ஊர், கோயில், ஆண்டு, உற்சவர் பெயர் எழுதி வையுங்கள். ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.